பென்சில் குறி போட்ட இடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே இரண்டு பேரும் உடம்பு அளவில் சுகம். நீயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன், ஆனால் போனில் உன் குரல் வேறு மாதிரி சொல்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, வீட்டில் நின்றது அது ஒன்றுதான். சட்டத்தையும் வணிகத்தையும் சேர்த்து நான்கு வருடத்தில் முடி என்று அப்பா பிடித்த பிடியை விடவில்லை. சட்டம் மட்டும் இப்போது, வேலை பார்த்த பிறகு வணிகம் தேவையா என்று பார்க்கலாம் என்கிறாய் நீ. "அப்பா எனக்குப் படிப்பு தேடல, தன் அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு ஆள் தேடுறார்" என்று நீ சொன்னதை அவரிடம் சொல்லவில்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பட்டறையின் கிடங்கு கைவிட்டுப் போனதிலிருந்து அவருக்கு அந்தப் பயம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலில் பெருக்கல் குறி போட்டு எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார், முப்பது வருடமாக அப்படிப் பழக்கியது நான்தான். கிடங்கை ஏமாற்றி எழுதி வாங்கியவனும் அதே மாதிரி குறி போட்டுத்தான் நீட்டினான். வக்கீலும் வியாபாரியும் ஒரே ஆளா நம்ம வீட்டுல இருந்தா எவன் ஏமாத்துவான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

நீ அனுப்பிய இரண்டு படிவங்களில் சேர்த்துப் படிப்பதற்கானதில் மட்டும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார், மற்றதைத் தொடமாட்டேன் என்றார். நான் செய்தது தப்பு பாப்பா. திங்கட்கிழமை லாரியில் சரக்கு அனுப்பும் தாள்களுக்கு நடுவில் அந்த இன்னொரு படிவத்தை வைத்து, குறி போட்டு நீட்டினேன். போனில் பேசிக்கொண்டே போட்டுவிட்டார். அரைமணி நேரம் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது, அப்புறம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். கிடங்கை வாங்கிய அந்த ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மத்தியானமே அவரிடம் சொல்லிவிட்டேன். கத்தியிருந்தால் தேவலை, மூன்று நாள் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். பட்டறையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளையும் மேலிருந்து கீழ்வரை படிக்கிறார், லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார். இன்று காலை அந்தப் படிவம் மேஜைமேல் இருந்தது. என் பென்சில் குறியை அழித்திருந்தார். பழைய கையெழுத்துக்குக் கீழே முழுவதும் படித்தேன் என்று எழுதி, இன்னொரு முறை கையெழுத்துப் போட்டிருந்தார். தபால் ஆபீஸ் பக்கம்தானே போறே என்று மட்டும் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

இரண்டும் இதோடு வைத்திருக்கிறேன். இருபதாம் தேதிக்குள் ஒன்று கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும், மறந்துவிடாதே. ஒன்றைக் கிழித்துவிடு, எதை என்று என்னிடம் சொல்லாதே, அப்பாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல். எதைப் படித்தாலும் நிம்மதியாக, நன்றாக இருக்க வேண்டும் நீ.

இப்படிக்கு,
இனிமேல் பென்சில் எடுக்காத
உன் அம்மா