காந்தத்தைத் தராசில் போட்டவனுக்கு

போன மாதம் ஒரு பார்சல் வந்தது. கையில் வாங்கியதுமே ஏமாந்துவிட்டேன் என்று தெரிந்துபோயிற்று. அவ்வளவு லேசு. உள்ளே ஆறு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. முகத்தில் பொன்னெழுத்தில் ‘500 வாட்ஸ்’ என்று எழுதியிருந்தது. பின்னால் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பிளாஸ்டிக் மூடி. நெம்பி எடுத்தால் உள்ளே பிஸ்கட் அளவில் நிஜக் காந்தம் ஒளிந்துகொண்டிருக்கிறது. நீ எனக்குக் கொடுத்த பழைய கொக்கித் தராசில் மாட்டினேன். ஒரு வேளைக் குழம்புக்கு வாங்கும் நெத்திலிகூட அதைவிடக் கனக்கும்.

விற்றவனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். எல்லாரும் அப்படித்தான் சார் அச்சடிக்கிறார்கள், வாட்ஸை யார் சார் நம்புகிறார்கள் என்று சிரித்தான். யாரும் நம்பவில்லையென்றால் எதற்கு அச்சடிக்கிறான்? ஏழைக்கும் பாட்டு கேட்க ஆசை இருக்கும், அவனுக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வழி இருக்காது என்று தெரிந்துதானே இந்தப் பிளாஸ்டிக் மூடியைச் செய்கிறான்? மீனில் இந்த வேலை செய்தால் ஊர் சும்மா விடுமா?

இதை எதற்கு வாங்கினேன் என்று கேட்பாய். உனக்கு முதல் வருஷ திதி வந்தது. உன் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அண்ணே, அவரு கையால செஞ்ச பெட்டி ரெண்டுல ஒண்ணுதான் பாடுது. அன்னிக்கு மட்டும் ரெண்டும் பாடணும்ணே.” பாட வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வேகத்தில், உன் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் புதுசுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாய்.

நாம் பழகியதே உன் மூக்கு நீளத்தால்தான். நீ குப்பத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவந்து எங்கள் செலியமேட்டுத் தெருக்களில் விற்றுக்கொண்டிருந்தாய். நான் ஒரு மாதம் மெனக்கெட்டு ஒட்டுப்பலகையில் இரண்டு பெட்டி அடித்து, அதில் ஸ்பீக்கர் பொருத்தி, பெருமையாகப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்தாமலே சன்னல் வழியாகச் சொன்னாய்: “இன்னாபா, ஒரு பெட்டி ஊதுது, ஒரு பெட்டி உறியுது. அப்பறம் எப்பிடி அடி வரும்?” கரும்பு வெட்டும் கத்தி கையில் இருந்திருந்தால் அன்றைக்கே உன்னை வெட்டியிருப்பேன். நீயோ வண்டியைத் திருப்பி நிறுத்தி, மீன் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாய். டார்ச் லைட்டின் பேட்டரிக் கட்டையைக் கழற்றி, அதை ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒயரிலும் தொட்டுக் காட்டினாய். ஒன்றின் காகிதக் கோன் வெளியே குதித்தது, மற்றது உள்ளே போனது. ஒரு பக்கத்து ஒயரை மாற்றிப் போட்டதும் மிருதங்கம் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அன்று என் மனைவி உன்னிடம் பேரம் பேசாமல் மீன் வாங்கினாள்.

அந்த ஸ்பீக்கர்கள் அடுத்த மழைக்காலம் தாங்கவில்லை. ஓரத்தில் இருந்த பஞ்சு, நம் உப்புக் காற்றில் நமுத்து உதிர்ந்துவிட்டது. பிறகுதான் நீ என்னை வில்லியனூர்ப் பழைய இரும்புக் கடைக்கு அழைத்துப் போனாய். உடைந்த ஸ்டீரியோ செட்டுகளிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்கள் அங்கே குவியலாகக் கிடந்தன. நீ மீன் தராசை எடுத்து ஒவ்வொன்றையும் மாட்டி நிறுத்தாய். கடைக்காரர், இன்னா நாட்டாரே, மீனா வாங்குற என்று கேலி செய்தார். நீ அசரவில்லை. “மீன்ல செவுளத் தூக்கிப் பாப்போம். இதுல காந்தத்தத் தூக்கிப் பாக்கறோம். மூஞ்சப் பாத்து வாங்குறவன் ரெண்டுத்துலயும் நாத்தம் புடிச்சதத்தான் வாங்குவான்.”

ஓரம் துணியில் இருக்க வேண்டும், பஞ்சு கூடாது. எழுதியிருக்கும் வாட்ஸைப் படிக்காதே. ஒற்றையாக வாங்காதே, ஒரே வயிற்றில் பிறந்த ஜோடியாக வாங்கு. இவ்வளவுதான் உன் சட்டம். ஒரே மாதிரி நான்கு கிடைத்தன, எடையும் ஒன்றுபோல. உனக்கு இரண்டு, எனக்கு இரண்டு. கலந்துவிடக் கூடாது என்று மார்க்கர் பேனாவால் காந்தத்தின் முதுகில் எழுதினாய். உன்னுடையதில் ‘நான்’. என்னுடையதில் ‘நீ’.

என் மகளின் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டாருக்கு ஜம்பம் காட்ட சத்தத்தை முழுக்கத் திருகியது நான்தான். வலது பெட்டியில் புகை வந்தது. உள்ளே கம்பிச் சுருள் கருகிவிட்டது. அதே ஜோடிக்கு இனி எங்கே போவது என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். நீ பெட்டியை மீன் கூடையோடு கட்டி எடுத்துப்போய், இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்தாய். கடலூரில் ஒருத்தனிடம் அதே மாடல் கிடைத்தது என்றாய். பாடியது. ஆகா என்று உன் தோளைத் தட்டினேன். திறந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அதன்பிறகு உன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் ஒரு பெட்டிதான் பாடிக்கொண்டிருந்தது. கேட்டால், கடல் காற்று இடது காதில் பூந்துவிட்டது, அந்தப் பக்கம் கேட்பதில்லை, ஒரு பெட்டி போதும் என்பாய். நமக்குப் பிடித்த அந்தப் பழைய பாட்டில் புல்லாங்குழல் முழுக்க இடது பெட்டியில்தானே வரும், அரைப்பாட்டு கேட்கிறாயே செவிடா என்று உன்னை ஊர் முன்னால் கிண்டல் செய்தேன். ஆறு வருஷம், உன் இடப்பக்கம் நிற்கும்போதெல்லாம் காதுக்குள் கத்திக் கத்திப் பேசினேன். நீ முகம் சுளித்ததில்லை.

பார்சல் மோசம் போன பிறகுதான் உன் இடது பெட்டியின் திருகுகளைக் கழற்றினேன். பசை வாசனையும் மீன் வாசனையுமாக உன் கை வாசனை வந்தது. அதற்குக் கீழே ஒரு கருகல் நெடி. கோனை விரலால் அழுத்தினேன், கரகரவென்று உரசியது. கழற்றித் திருப்பினேன். காந்தத்தின் முதுகில், உன் கையெழுத்தில், ‘நீ’.

உன் மனைவியிடம், அவனுக்கு எப்போதிலிருந்து காது கேட்காமல் போனது என்று கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “அவருக்கா? நீங்க கத்துறது வெளாட்டுக்குன்னுல்ல நெனச்சேன். நான் அடுப்பாண்ட முணுமுணுத்தாக்கூட வாசல்ல இருந்து பதில் சொல்லுவாருண்ணே.”

வீட்டுக்கு வந்து என் வலது பெட்டியைத் திறந்தேன். ‘நான்’ என்று எழுதியிருந்தது.

உன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அந்த 500 வாட்ஸ்காரன் மேல் வந்ததெல்லாம் தூசு. கேட்காமல் எடுத்தால் திருட்டு என்கிறோம். சொல்லாமல் கொடுத்தால் அதற்கு என்ன பேர்? அவன் காந்தம் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டினான். நீ நல்ல காதைச் செவிடென்று காட்டினாய். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் முட்டாளாக்கினீர்கள். நான் என்ன கேட்டேன் உன்னிடம்? ஜோடியைப் பிரிக்காதே என்று சட்டம் போட்டவன் நீ. பிரித்ததும் நீ. ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால், பெட்டிகளை மாற்றி மாற்றிக் கேட்டிருப்போமே. நன்றி சொல்லக்கூட எனக்கு இடம் வைக்காமல் போய்விட்டாயே, இது நியாயமா?

திதியன்று உன் ‘நான்’ உன் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. டார்ச் கட்டையைத் தொட்டுப் பார்த்துத்தான் ஒயர் கொடுத்தேன். படையல் முடிந்ததும் அந்தப் பாட்டைப் போட்டோம். ஏழு வருஷத்துக்குப் பிறகு உன் வீட்டில் புல்லாங்குழல் கேட்டது. உன் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்பீக்கர் எங்கேண்ணே கெடச்சிது என்றாள். கடலூரில் ஒருத்தனிடம் என்றேன்.

இப்போது உன் தெருக்களில் அவள்தான் மீன் விற்கிறாள். நேற்று என் வீட்டுக்குள் கூடையை இறக்கியவள், பாடாமல் இருந்த என் வலது பெட்டியைப் பார்த்து, ஏன் என்று கேட்டாள். எனக்கு வலது காது அடைத்துக்கொண்டது, ஏரிக் காற்று பூந்துவிட்டது, ஒரு பெட்டி போதும் என்றேன். அவள் எழுந்து என் வலப்பக்கம் வந்து நின்றாள். மீனுக்குக்கூடக் கேட்காத குரலில், “அண்ணே, வஞ்சிரம் இருக்குது, போடட்டா?” என்றாள்.

“வேணாம்மா, நெத்திலியே குடு” என்று சொல்லிவிட்டேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். ஆறு வருஷம் எப்படியடா சமாளித்தாய்? எனக்கு ஒரு வாரம்கூட வரவில்லை.