உன் பெயர் இல்லாத டிரான்சிஸ்டர்

லேபில் எப்போதும் என் இடப்பக்கம் உட்காரும் என் அன்புச் செல்விக்கு,

நீ டெங்கிக் காய்ச்சலில் போய் மூன்று வருடம் ஆகிறது. இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். இப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. அவள் நெற்றி லேசாகச் சுட்டாலே டெங்கியோ என்று கிளினிக்குக்கு ஓடுகிறேன். டாக்டருக்கே என்னைப் பார்த்து அலுத்துவிட்டது. எனக்கும்தான்.

டுரியான் துங்கால் பக்கம் ஒரு கல்லூரியில் ஒப்பந்த டியூட்டராக இருக்கிறேன். நாம் படித்த அதே பாடம். தொட்டுப் பார்க்க இங்கே மின்சில்லு செய்யும் கூடம் ஏது? மாணவர்கள் பிரவுசரைத் திறந்து, நானோமீட்டர் அளவில் ஒரு டிரான்சிஸ்டரை அமைத்து, 'ரன்' அழுத்துகிறார்கள். எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் கணக்கிட்டு வளைகோட்டை அனுப்புகிறது. அவர்கள் முதலில் திறப்பது இறுதியாண்டில் நாம் சேர்ந்து செய்த மாதிரியைத்தான். நான் பொதுவில் ஏற்றி வைத்தது. அதைக் காட்டித்தான் இந்த வேலையே கிடைத்தது.

அந்த நாள் நினைவிருக்கிறதா? டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போது கசியும் மின்சாரம் அவ்வளவு குறைவாக வந்ததும் நான் துள்ளினேன். நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ரொம்ப அழகா இருக்குடி. அதான் பயமா இருக்கு. கட்டம் பத்தல."

டிரான்சிஸ்டரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் அந்த மென்பொருள் கணக்குப் போடும். கட்டம் பெரிதானால் சீக்கிரம் முடியும், நுணுக்கம் போய்விடும். சிறிதாக்கினால் அந்தக் கம்ப்யூட்டரின் வரிசையில் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நமக்கோ மறுநாள் கெடு. போதும்லா, பாஸ் பண்ணா சரி என்றேன்.

"அப்ப பொதுவுல ஏத்துறப்ப என் பேர எடுத்துரு. மறுபடி ஓட்டிட்டு அப்புறம் என் பேரப் போடு."

எடுத்தேன். மறுபடி ஓட்டவில்லை. அடுத்த மாதம் நீயே இல்லை.

பெம்பானுக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். நம் மாதிரி இருக்கும் இணையப் பக்கத்தை யாரோ அவருக்குப் போனில் காட்டியிருக்கிறார்கள். "ஏம்மா, அவ பேரு அதுல இல்லையே?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் ஐனா என்ற மாணவி வந்தாள். கட்டங்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் கசிவு ஏறுகிறதே, என் பிழையா மேடம் என்று கேட்டாள். பார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டில், மகளை மடியில் போட்டுக்கொண்டு நானே ஓட்டினேன். திங்கள் மதியம் விடை வந்தது. கசிவு பல மடங்கு. நீ சொன்னதுதான் சரி.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்று அடுத்த மாதம் தெரியும். இந்த நேரத்தில் போய் வாயைக் கொடுக்கணுமா, சத்தமில்லாமல் ஃபைலை மாற்றிவிடு என்றார் கணவர். நானும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த எண்ணை நம்பி ரிப்போர்ட் எழுதிய பிள்ளைகள்? இன்று காலை துறைத் தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

நாளை வகுப்பில் இரண்டு வளைகோடுகளையும் சேர்த்துக் காட்டுவேன். ஐனாவிடம் அது அவள் பிழை இல்லை என்று சொல்வேன். திருத்திய மாதிரியை ஏற்றும் பக்கம் திறந்தே இருக்கிறது. செய்தவர் பெயர் கேட்கிறது.

மறுபடி ஓட்டிட்டேன்டி. இப்போது போடலாம்தானே? உன் பெயரை முதலில் போட்டு, அதை எடுத்துக்கொண்டு உன் அம்மாவிடம் போவேன். வேலை இருந்தாலும், போனாலும்.

உன்னைவிட நான் மூன்று மாதம் மூத்தவள், அக்கா என்று கூப்பிடு என்பாய். ஒருநாளும் நான் கூப்பிட்டதில்லை.

உன் தங்கச்சி,
மாலதி