ஃபிரிட்ஜில் வைத்த மூலக்கூறு

ஐப்பசி, செவ்வாய் இரவு.

இன்று ஆய்வகக் கூட்டத்தில் சிவகுமார் சார் என் மூலக்கூறைத் தன்னுடையது என்று காட்டினார். புற்றுச் செல்லில் இரண்டு புரதங்கள் கைகோத்தால்தான் புற்றை வளர்க்கும் கெட்ட மரபணு இயங்கத் தொடங்கும். அந்தக் கைகளுக்கு நடுவே ஆப்பாக இறங்கும்படி நான் அணு அணுவாக மாற்றி வரைந்தது அது. அவர் கோவையிலிருந்து ஊட்டிக்கு வந்தே ஒரு மாதம்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நாளை விருந்தினர்கள் முன்னால் அவரே அதைப் புற்றுச் செல்களில் ஊற்றிச் சோதனை செய்து காட்டப் போகிறாராம். சாயங்காலம் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க மேடம், மருந்து கெட்டுப் போயிருமேன்னு ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டனுங்க. காலைல அப்படியே மேலாப்புல எடுத்து ஊத்திக்கலாங்களா?"

இந்த ஊரில் தேங்காய் எண்ணெயையே வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறோம். மருந்தைக் கரைத்து வைத்த அந்தக் கரைசலும் அப்படித்தான். குளிர்ந்தால் மருந்தெல்லாம் அடியில் படிந்துவிடும், மேலே நிற்பதில் ஒன்றும் இருக்காது. சூடாக்கிக் குலுக்கினால்தான் உண்டு.

"ஊத்திக்கலாங்க சார்" என்றேன்.

அவருடைய மூலக்கூறுதானே. அதன் குணம் அவருக்குத் தெரியாமலா இருக்கும்?