நீ திரும்பப் பெறச் சொன்ன கட்டுரை

மலர், என் கூடப்பிறந்தவளே,

நீ கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்த அந்த ஒரு பக்கக் கடிதம் இன்று காலை போய்ச் சேர்ந்துவிட்டது. ஐந்து மாதம் தாமதம். தாமதப்படுத்தியவன் நான். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ புற்றுநோய் ஆராய்ச்சிக்காரி. நான் ஜீவனஹள்ளியில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்கிறவன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். மார்பகப் புற்றின் செல்லை ஒரு மருந்து எப்படி அடக்குகிறது என்று நீ எழுதிய கட்டுரையை வெளிநாட்டிலெல்லாம் எடுத்துக்காட்டுகிறார்கள் என்று ஒருமுறை சொன்னாய். அன்றிலிருந்து சரக்கு இறக்க வருகிற லாரிக்காரரிடம்கூட அதைச் சொல்லிப் பெருமையடித்தேன்.

பிறகு நீ இன்னொரு கட்டுரை அனுப்பினாய். அச்சிடுவதற்கு முன் செல்களின் அடையாளத்தைச் சோதித்துக் காட்டச் சொன்னார்கள். முதல் கட்டுரைக்குப் பயன்படுத்தி உறைபெட்டியில் வைத்திருந்த பழைய செல்களை உன் மாணவி திவ்யா சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்தபோது நீயே கணையத்தில் புற்றோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். குப்பியின்மேல் எழுதியிருந்தது மார்பகச் செல். உள்ளே இருந்தது குடல் செல். எப்போதோ குடல் செல் மார்பகச் செல்லோடு கலந்து, வளர்ந்து, அதை ஒழித்தே விட்டிருந்தது. ஆரம்பத்திலேயே சோதித்திருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன் என்றாய்.

"அண்ணா, அந்தப் பேப்பரைத் திரும்ப வாங்கிக்கணும். இந்த லெட்டரை திவ்யாகிட்ட குடு. அவ எடிட்டருக்கு அனுப்புவா."

"யாருக்குத் தெரியப்போவுது? உடம்பு தேறட்டும், அப்புறம் பாக்கலாம்."

"உன் கடையில தப்பு சரக்கு போயிட்டா இப்படித்தான் வுட்ருவியா?"

விடமாட்டேன். சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒருமுறை தெரியாமல் வெளியே போய்விட்டது. வாங்கிய கடை ஒவ்வொன்றுக்கும் நானே ஆட்டோவில் போய்த் திரும்ப எடுத்து வந்தேன். ஆனாலும் உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதன்பின் உன்னைப் பார்க்க வெளியாட்களை விடவில்லை. "குடுத்தியா?" என்று இரண்டு தடவை கேட்டாய். இரண்டு தடவையும் "குடுத்துட்டேன்மா" என்றேன். மூன்றாம் வாரம் நீ போய்விட்டாய்.

ஏன் அப்படிச் செய்தேன்? உயிரைத்தான் காப்பாற்ற முடியவில்லை, பேரையாவது காப்பாற்றலாம் என்றா? இல்லை, நான் அடித்த பெருமை போய்விடும் என்றா? நேராகச் சொன்னால், இரண்டாவதுதான் அதிகம்.

போன வாரம் உன் ஆராய்ச்சி நிலையத்தில் அஞ்சலிக் கூட்டம். உன் கட்டுரைப் பட்டியலைத் திரையில் போட்டார்கள். முதலில் நின்றது அதுதான். திவ்யா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"மேடம் போனப்புறமும் அதை நம்பி எழுதிட்டுதான் இருக்காங்க அங்கிள். ஒரு எடத்துல எலிங்களுக்கு அந்த மருந்தைக் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்து மனுஷங்கதான்."

அவளை வெளியே அழைத்துப் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பேப்பரைத் திரும்ப வாங்கறேன்னு சொன்னவங்க மனசு மாறிட்டாங்கன்னு நெனச்சேன் அங்கிள். பேருக்காக மூடி மறைச்சுட்டாங்கன்னு. அஞ்சு மாசமா மேடம் மேல கோவமா இருந்தேன்."

"நீயே சொல்லியிருக்கலாமே?"

"அந்த பேப்பர்ல என் பேரும் இருக்கு. என் டாக்டர் பட்டமே அந்த வேலைலதான். பயம்."

மலர், ஆஸ்பத்திரியில் உன் மூச்சு நின்றபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. உன் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று, உன்னைத் தெரிந்த ஒருத்தியின் மனதில் உன்னைத் திருடியாக்கி வைத்திருக்கிறேன்.

கடிதத்தைக் கூட்டத்தில் படிக்கப்போகிறேன் என்றதும் உன் துறைத் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கன்னடக்காரர், நல்ல மனிதர்தான். "பிட்டுபிடி சார், விட்டுடுங்க. போனவங்க பேருக்கு எதுக்கு கறை?"

"அவ பேரு சுத்தமாத்தான் இருக்கு சார். கறை என்னுது."

உன் ஆங்கிலத்தைத் திவ்யா படித்தாள். அதை என்னிடம் நீ கொடுத்த நாளையும், நான் சொன்ன பொய்யையும் எனக்குத் தெரிந்த தமிழில் நான் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. சிலர் டீ குடிக்காமலே போய்விட்டார்கள். இன்று திவ்யா தன் கையெழுத்தையும் சேர்த்து அனுப்பினாள். அவள் பட்டம் என்னவாகும், தெரியாது. எலிகளுக்கு மருந்து கொடுக்கிறவர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். பதில் வரவில்லை.

அதே வேலையைச் சரியான செல்லில் முதலிலிருந்து செய்யப்போகிறாளாம். அந்த மருந்தால் மார்பகச் செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே முடிவு வரலாம் என்கிறாள். அப்படி வந்தால், நீ அத்தனை வருஷம் உழைத்ததில் மிச்சம் என்று எதுவுமே இருக்காதா? கேட்க வாய் வரவில்லை.

எது வந்தாலும் வந்தபடியே உன்னிடம் சொல்வேன். நல்ல சேதியாக மாற்றிச் சொல்லமாட்டேன். சத்தியம்.

உன் அண்ணன்,
ஏகாம்பரம்
ஜீவனஹள்ளி, பெங்களூரு