பெட்ரோல் மூடியில் நான் அடைத்த ஓட்டை

பிஜி,

காரோடு ஊரில் இன்று கான்கிரீட் வேலை. ஏழு மணிக்கு மிக்ஸர் ஓடும் என்பதால் உன்னை எழுப்பாமல் போகிறேன். மரச்சீனிக் கிழங்கு அவித்திருக்கிறேன். மீன்கறி நேற்றையது, சூடாக்கிக்கொள்.

நேற்று அமரவிளை பாலத்தில் நம் ஃபியட் கார் நின்றுபோனதும், ஓட்டத் தெரியாதவள் என்று உன்னை ஏசினேன். தப்பு உன்னுடையதல்ல. நான் வாங்கி மாட்டிய புது பெட்ரோல் மூடியில் காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டை இருந்தது. மழைத்தண்ணி டேங்கில் இறங்கும் என்று நான்தான் அதை எம்-சீல் வைத்து அடைத்தேன். மொட்டைமாடி ஒழுக்கை அடைத்தே பிழைக்கிறவன், ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. உள்ளே காற்று போகாவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் வராதாம், எனக்கு யார் சொன்னார்கள்? விடியலில் மூடியைத் திறந்தபோது உஸ்ஸென்று காற்றை இழுத்தது. அப்போதுதான் விளங்கியது. ஆணியால் குத்தி எம்-சீலைப் பெயர்த்து ஓட்டையைத் திறந்து, களியக்காவிளை வரை ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை.

மாமிக்குப் பத்து மணிக்கு டயாலிசிஸ். இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சொன்னாய். இன்று மட்டுமாவது தொடு. ஆட்டோவின் குலுக்கலை உன் அம்மா தாங்கமாட்டார்கள். மூடியின் சாவி ஃபிரிட்ஜ் மேலே.

பி.கு: எழுதுவதை மாமி பார்த்துவிட்டார்கள். "மக்கா, நீ ஏசினது பாலத்துப் பக்கத்து சாயாக்கடை முழுக்கக் கேட்டுது. மன்னிப்பு மட்டும் துண்டுச் சீட்டிலயாக்கும்?"

சரிதான். வேலை முடிந்ததும் அந்தக் கடைக்குப் போய், தப்பு என்னுடையதென்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.