கல்லறை விளக்கில் ஓடிய நீர்ச்சக்கரம்

செம்பாக்கம்,
நவம்பர் 4

கர்த்தருக்குள் பிரியமான மகள் கிறிஸ்டினாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடா குளிரிலும் சளி இருமல் இல்லாமல் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் காலையில் என் ஜெபம். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, பிரஷர் சுகர் எல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறது, மனசுதான் பத்து நாளாக என் பேச்சைக் கேட்கவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், நான் எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும். அதனால் உட்கார்ந்து பேப்பரில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பார்த்துப் படி.

போன மாதக் கடைசியில் இங்கே நாலு நாள் விடாத மழை, ஏரி ரோடு வரைக்கும் தண்ணீர். சனிக்கிழமை பளீரென்று வெயில் அடித்தது. மாடியில் குடியிருக்கிற ஷீலாவின் மகள் ஜெரூஷாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் காம்பவுண்டுக்குள் ஒரே கூச்சல், என்ன என்று போய்ப் பார்த்தால் உன் அப்பா நடுவில் உட்கார்ந்திருக்கிறார். நான் துணி அலசுகிற நீல டப்பில் தண்ணீர் நிரப்பி அதற்குள் குரோம்பேட்டையில் வாங்கிய தீப்பெட்டி அளவு மோட்டார் ஒன்றைப் போட்டிருக்கிறார், அதிலிருந்து சலைன் டியூப், பழைய சிடியைச் சுற்றி பிளாஸ்டிக் ஸ்பூன்களை ஒட்டி ஒரு சக்கரம், படியில் வெயிலுக்குச் சாய்த்து வைத்த ஒரு சோலார் தகடு. கரண்டே இல்லை, வெயில் பட்டதும் மோட்டார் தண்ணீரை இழுத்துச் சக்கரத்தின் மேல் கொட்டுகிறது, சக்கரம் கிறுகிறுவென்று சுற்றுகிறது. டியூபின் இன்னொரு கிளையில் பேனா மூடியைச் செருகி மேலே பீச்ச விட்டிருந்தார், அந்தத் தண்ணீர் மேல் ஒரு பிங்பாங் பந்து விழாமல் ஆடிக்கொண்டிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நானே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தகட்டைக் கையால் மறைத்தால் தண்ணீர் நின்று பந்து தொப்பென்று விழும், கையை எடுத்தால் மறுபடி எழும்பும், பிள்ளைகள் அதற்குச் சூரியனை மூடுவது என்று பெயர் வைத்து முறை போட்டு ஆடினார்கள். ஜெரூஷா என் புடவையைப் பிடித்து ஆன்ட்டி நீங்களும் வந்து சூரியனை மூடுங்க என்று இழுத்தாள். படியில் நிழல் ஏறிவிட்டதே, இன்னும் கொஞ்சம் தள்ளி வைப்போம் என்று நான் அந்தத் தகட்டைத் தூக்கினேன். பின்பக்கத்தில் மெரூன் நெயில் பாலிஷால், என் கையெழுத்தில், ஹெப்சி என்று இருந்தது.

அது வேறு எதுவும் இல்லை கிறிஸ்டி. ஹெப்சி பெரியம்மா கல்லறையில் வைக்கச் சொல்லி நீ அனுப்பினாயே சிலுவை விளக்கு, அதன் தகடு அது. கல்லறைத் தோட்டத்தில் இப்போது பாதிப் பேர் சோலார் விளக்கு வைத்திருக்கிறார்கள், மாறிப் போகக்கூடாது என்று நீ விட்டுப்போன நெயில் பாலிஷால் நான்தான் பெயர் எழுதினேன். அந்த விளக்கு காணாமல் போனதே உனக்குத் தெரியாது. அக்டோபர் இரண்டாம் வாரம், நவம்பர் இரண்டாம் தேதி வருகிற கல்லறைத் திருநாளுக்கு வெள்ளை அடிக்கப் பேசிவிட்டு வரலாம் என்று போனபோது, நட்டு வைத்த இடத்தில் குழி மட்டும் இருந்தது. உனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாய், அப்பாவிடம் சொன்னால் அன்றைக்கே உனக்கு மெசேஜ் போட்டுவிடுவார் என்று வீட்டில் மூச்சு விடவில்லை. நேராகச் சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் போய்ச் சொன்னேன். அங்கே தினமும் பெருக்குகிற எல்லம்மாவைத் தவிர யார் கை வைக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். திருடி என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சபைக் கமிட்டிக்குப் பேச்சு போனது, அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பதினொரு வருசமா இங்கதான் கீறேன், ஒரு பூ எடுத்துத் தலைல வச்சது இல்ல, இன்னாம்மா நீயே இப்டி சொல்ற என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். என் வாய் வார்த்தை ஒன்று போதுமாக இருந்தது, யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை.

தகட்டைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் மாடிக்கு ஓடிவிட்டார்கள். அப்பா ஈரக் கையோடு எழுந்து நின்றார். செப்டம்பரில் புல் பிடுங்கப் போனபோது விளக்கு எரியவில்லையாம், சரி செய்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்று எடுத்து வந்தாராம், திறக்கும்போது சிலுவைக் கண்ணாடி உடைந்துவிட்டதாம். உனக்குத் தெரிஞ்சா வூட்ல இருக்க முடியுமா பேபி, அதான் சொல்லல என்றார். தகடு வீணாகக் கிடக்கிறதே, பிள்ளைகளாவது சிரிக்கட்டும் என்று இதைச் செய்தாராம். நான் மறைத்தது உனக்காக, அவர் மறைத்தது எனக்குப் பயந்து, நடுவில் வேலையை இழந்தவள் எல்லம்மா. எல்லம்மா விஷயத்தை நான் சொன்னதும் அவர் டப் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார், தண்ணீர் எல்லாம் கவிழ்ந்தது. இத்தனை வருடத்தில் அவர் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ரயில் ஏறி ஊரப்பாக்கத்தில் இருக்கிற எல்லம்மா வீட்டுக்குப் போனேன், அப்பாவும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன், பழி போட்டது நான்தானே. கதவைத் திறந்தது அவள் மகள் ஹேமாவதி, துணிக்கடையில் வேலை செய்கிறது, உன்னைவிட நாலைந்து வயது சின்னப் பெண். நான் உட்காராமலேயே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எல்லம்மா அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன், அவள் தலையைக் குனிந்து தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, ஊரு ஆயிரம் சொல்லும்மா, அத வுட்டுத் தள்ளிடலாம், ஆனா என் பொண்ணே வந்து எம்மா நீ எடுத்தியான்னு கேட்டுச்சு என்றாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டதாம். ஹேமாவதி அப்படியே எழுந்து உள்ளே போய்விட்டது. யாராவது என்னைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தால் நீயும் என்னிடம் கேட்டிருப்பாயோ என்று ரயிலில் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே ஆயரிடம் சொன்னேன், கமிட்டி அவளைத் திரும்பக் கூப்பிட்டது. கல்லறைத் திருநாள் ஜெபத்துக்கு முன்னால் மைக்கை வாங்கி, விளக்கு என் வீட்டில்தான் இருந்தது, எல்லம்மா மேல் பொய்ப் பழி போட்டவள் நான் என்று எல்லோருக்கும் கேட்கிறபடி சொன்னேன். எல்லம்மா ஓரமாகத் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். வியாழக்கிழமை திரும்பி வந்தவள் மூன்று நாளில் தோட்டம் முழுக்கப் புல் எடுத்துப் பெருக்கி வைத்திருந்தாள், எல்லாக் கல்லறையும் பளிச்சென்று இருந்தது. பெரியம்மா கல்லறை மட்டும் மழையில் வளர்ந்த புல் முழங்கால் உயரத்துக்கு அப்படியே நின்றது. கிட்டே போய், ஏன் எல்லம்மா என்று கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னாள், உங்க கல்லறைய நான் தொட மாட்டேம்மா, நாளைக்கு ஒரு பூந்தொட்டி காணோம்னா என் பொண்ணு மறுபடி என் மூஞ்சியப் பாத்துக் கேக்கும். சரி என்றேன். ஜனம் எல்லாம் பூவும் மெழுகுவத்தியுமாகப் பார்த்துக்கொண்டிருக்க, நானும் அப்பாவும் முட்டி போட்டு உட்கார்ந்து அந்தப் புல்லைக் கையால் பிடுங்கினோம்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் உங்கள் போக்கிலும் வரத்திலும் காப்பாராக. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், கால்சியம் மாத்திரையை விடாதே. அப்பாவுக்குப் போன் போட்டுப் பேசு, ஆனால் இதைப் பற்றி அவராகச் சொல்லும்வரை கேட்காதே, அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. பெரியம்மா கல்லறைக்கு இனி எதுவும் வாங்கி அனுப்ப வேண்டாம். அடுத்த வருடமும் அங்கே புல் பிடுங்க வேண்டியது நான்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பேபி ஏசுபாதம்