ஒன்றே முக்கால் மணி நேரம்

ஜூன் 8, ஞாயிறு

அண்ணி என் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த மீன் தொட்டியை இன்று இருவரும் சேர்ந்து அமைத்தோம். இரண்டடி நீளம், மேலே மாட்ட ஒரு விளக்கு. "முன்னறை மூலை இருட்டாவே கெடக்கு. நீ ஒத்தையா வந்து உக்கார்ற எடம், கொஞ்சம் வெளிச்சமா இருக்கட்டும்" என்றார்.

கீழே சத்து மண், அதன் மேல் கழுவிய பொடிக்கல். தண்ணீரை நேராக ஊற்றினால் மண் கலங்கும் என்று ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெல்ல ஊற்றினேன். நான் இடுக்கியால் செடிகளை ஒவ்வொன்றாக நட, அண்ணி மரக்கட்டையில் பச்சைப் பாசியை நூலால் கட்டினார். விளக்கை டைமரில் செருகி, மாலை நாலு முதல் பத்து வரை எரிய வைத்தோம். கடிகாரம் போல வட்டத் தட்டு சுற்றுகிற பழைய மாதிரி டைமர்.

"எலும்பு வரைக்கும் பாக்கறவ நீ, இனிமே மீன் முள்ளையும் பாரு" என்று என் எக்ஸ்ரே வேலையைக் கிண்டல் செய்தார். அண்ணன் வரவில்லை. அவன் கூடப் பிறந்தவன், அவ்வளவுதான். எனக்கு உறவு என்றால் அண்ணிதான்.

ஜூன் 9, திங்கள்

தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரி இருக்கிறது. பொறுக்க வேண்டுமாம்.

ஜூன் 29, ஞாயிறு

தெளிந்துவிட்டது. விரல் நகத்தளவு மீன்கள் ஆறு விட்டேன். ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு தொட்டி முன்னால்தான் உட்கார்ந்தேன். அப்பா போன பிறகு இந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஐந்தரைக்கு வீடு வந்தால் தொட்டி இருட்டு. ஆறு மணிக்குத் தானாக எரிந்தது. டைமர் பின்தங்கியிருக்கிறது. கரண்ட் போயிருக்கும். திருப்பிச் சரி செய்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

இலைகளெல்லாம் வழுவழுவென்று பச்சை. அண்ணி கட்டிய நல்ல பாசி இல்லை, வேண்டாத பாசி. ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போனேன்.

"வெளிச்சம் ஜாஸ்தி. எத்தன மணி நேரம் போடறீங்க?"

"ஆறு."

"ஆறுக்கு இப்படி வராதும்மா. பகல்லயும் யாரோ போடறாங்க."

"வீட்டுல நான் மட்டும்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. படம் கலங்கி வந்த பிறகும் "நான் அசையவே இல்லை" என்று சாதிக்கிறவர்களை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

ஜூலை 18, வெள்ளி

மறுபடியும் பின்தங்கியிருக்கிறது. கரண்ட் போயிருந்தால் சமையலறை மின் அடுப்பின் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய் மின்னும். அது சரியாக ஓடுகிறது.

அண்ணியிடம் போனில் சொன்னேன். "கோளாறா இருக்கும். வேற டைமர் வாங்கித் தரேன், விடு" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்து வைத்துவிட்டுப் போனேன். மாலையில் ஒன்றே முக்கால் மணி நேரம் குறைவு.

அடுப்புக் கடிகாரம் இன்றும் சரி; கரண்ட் போகாதபோது, சுவரிலிருந்து கழற்றினால்தான் அந்தத் தட்டு நிற்கும். அப்படியென்றால் ஒன்றே முக்கால் மணி நேரம் யாரோ டைமரைக் கழற்றிவிட்டு, விளக்கை நேராகச் சுவரில் செருகியிருக்கிறார்கள். என் வீட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். திருடனா? திருடன் மீனுக்கு விளக்குப் போடுவானா?

சாவி என்னிடம் ஒன்று. அவசரத்துக்கென்று அண்ணியிடம் ஒன்று.

சே, என்ன புத்தி இது. அண்ணி வந்தால் சொல்லாமல் போவாரா?

ஜூலை 25, வெள்ளி

செவ்வாய், வெள்ளிகளில்தான் டைமர் பின்தங்குகிறது என்று இன்று அரை நாள் விடுப்பு போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

கதவு திறந்திருந்தது. உள்ளே அண்ணி, அளவு நாடாவோடு ஒரு வீட்டுத் தரகர், ஒரு புருஷன் பெண்டாட்டி. விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. டைமர் தரையில் கிடக்கிறது.

"இந்தத் தொட்டியும் வீட்டோட வருமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அதெல்லாம் பேசிக்கலாம்" என்று திரும்பிய அண்ணி என்னைப் பார்த்து அப்படியே நின்றாள்.

தரகருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கதான் தங்கச்சியா? இந்த மூலை இருட்டடிக்குது, யாரும் வாங்கமாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். மேடம் எப்படி மாத்திட்டாங்க பாருங்க."

என் பொறந்தநாளுக்குன்னு சொன்னீங்களே அண்ணி. பக்கத்துல உக்காந்து நூல் கட்டினீங்களே. இந்த ஆளு சொன்னதுக்காகவா? நான் வேற சந்தோஷமா அது முன்னாடி உக்காந்து சாப்பிட்டேன் — முட்டாள், முட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

அண்ணன் போன் செய்தான். "அப்பா நம்ம ரெண்டு பேருக்கும்தானே எழுதி வச்சாரு. ஒத்த ஆளுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வீடு? உன் கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காது. சும்மா ஆழம் பார்த்தோம்."

"கையெழுத்து போடமாட்டேன். இது நான் இருக்கற வீடு" என்றேன்.

அவள் போனை வாங்கினாள். "உன் நல்லதுக்குத்தான்..." வைத்துவிட்டேன். டைமரில் கோளாறு என்று எவ்வளவு இயல்பாகச் சொன்னாள். அதுதான் ஆறவில்லை. பாசமும் பாசியும் எனக்கு ஒன்றாகத்தான் வழுக்கியிருக்கின்றன.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமையிலிருந்தே அண்ணியை 'நின்றாள்', 'அவள்' என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பூட்டை மாற்றினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வேண்டாத பாசி போய்விட்டது. புது இலைகள் தண்ணீர் மட்டத்தைத் தொடுகின்றன. அவள் கட்டிய பாசி மரக்கட்டையை நன்றாகப் பிடித்துக்கொண்டது, இனி நூல் தேவையில்லை என்றார் கடைக்காரர். கத்தரிக்கோலை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் டைமரைத்தான் பார்க்கிறேன். இன்றும் சரியான நேரம். பூட்டு மாற்றியதிலிருந்து ஒரு நிமிடம்கூடப் பின்தங்கவில்லை.

புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி கொடுத்தார்கள். இரண்டும் என் பையிலேயே கிடக்கின்றன.